திரும்பி வராத உறைகள்

இங்கிலாந்தின் நாட்டிங்காம் வட்டாரத்தில் 1981-இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. 45 முதல் 74 வயது வரையுள்ள ஒன்றரை லட்சம் பேரைக் குடும்ப மருத்துவர்களின் பதிவேடுகளிலிருந்தே எடுத்தார்கள். குலுக்கல் முறையில் அவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு எதுவும் அனுப்பவில்லை. மறுபாதியில் இருந்த 75,253 பேருக்கு, மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைக் கண்டறியும் சோதனை அட்டைகள் வீட்டுக்கே போயின. எப்படிச் செய்ய வேண்டும் என்று அவரவர் குடும்ப மருத்துவர் சொல்லும் குறிப்பும் கூடவே போனது. அட்டையைப் பெற்றவர்கள் நோயென்று மருத்துவரைத் தேடி வந்தவர்கள் அல்லர். பெருங்குடலில் புற்றுநோய் இருந்தால், அது தன்னைக் காட்டிக்கொள்ளும் முன்பே பிடித்துவிட வேண்டும் என்பதுதான் நோக்கம்.

அறுவை மருத்துவர் ஜாக் ஹார்ட்காஸ்லின் குழு 1996-இல் முடிவை வெளியிட்டது. அட்டை அனுப்பப்பட்ட பாதியில் பெருங்குடல் புற்றுநோயால் இறந்தவர்கள் 360 பேர். அனுப்பப்படாத பாதியில் 420 பேர். இறப்பில் 15 சதவீதக் குறைவு. டென்மார்க்கின் ஃபூனென் தீவில் நடந்த ஆய்வு அதே ஆண்டில் 18 சதவீதக் குறைவைக் காட்டியது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆண்டுதோறும் சோதித்துக்கொண்ட தன்னார்வலர்களிடம் இறப்பு 33 சதவீதம் குறைந்திருந்தது. மலத்தைச் சோதிப்பது உயிரைக் காக்கிறது என்பதில் அதற்குப் பிறகு பெரிய ஐயம் இல்லை.

நாட்டிங்காம் அறிக்கைக்குள் இன்னோர் எண்ணும் இருக்கிறது. அட்டை கிடைத்தவர்களில் ஒரு முறையாவது சோதனையைச் செய்தவர்கள் சுமார் 60 சதவீதம். அழைத்த ஒவ்வொரு முறையும் செய்தவர்கள் 38 சதவீதம். பத்துப் பேரில் நான்கு பேர் அட்டையைத் திருப்பி அனுப்பவே இல்லை. அந்த 15 சதவீதக் கணக்கில் அவர்களும் அடக்கம். சோதனை அதேதான், ஆய்வகம் அதேதான். திரும்பி வந்த உறைகள் கூடியிருந்தால் காக்கப்பட்ட உயிர்களும் கூடியிருக்கும்.

பின்னாளில் வந்த ஆய்வுகளும் இதே இடத்தில்தான் கொண்டுபோய் நிறுத்துகின்றன. போலந்து, நார்வே, ஸ்வீடன் நாடுகளில் நடந்து 2022-இல் வெளிவந்த ஆய்வில், குடலுக்குள் கேமராக் குழாயைச் செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி செய்துகொள்ள 28,000-க்கும் மேற்பட்டோரை அழைத்தார்கள். வந்தவர்கள் 42 சதவீதம். பத்து ஆண்டுகளில் அழைக்கப்பட்டோரிடம் புற்றுநோய் 18 சதவீதம் குறைந்தது. இறப்பில் ஏற்பட்ட குறைவோ, தற்செயல் அல்ல என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. கொலோனோஸ்கோப்பி பயனற்றது என்று சில செய்தித்தாள்கள் எழுதின. அது தவறான வாசிப்பு. பாதிக்கும் மேற்பட்டோர் வரவே இல்லை என்பதைக் கணக்கில் கொள்ளாமல் அந்த எண்ணைப் படிக்க முடியாது.

ஆகவே இந்த அத்தியாயம் வேதியியலைச் சுருக்கமாகத் தொட்டுவிட்டு, மனிதர்களைப் பற்றி விரிவாகப் பேசப் போகிறது. ஏன் மறுக்கிறார்கள்? எப்போது சம்மதிக்கிறார்கள்? அந்தச் சம்மதத்தில் குடும்ப மருத்துவருக்கு என்ன பங்கு?

முதலில் உடம்பு. பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளக் குழாய். 50 வயதைக் கடந்த பலருக்கு அதன் உட்சுவரில் பாலிப் எனப்படும் சதை முளைப்புகள் தோன்றுகின்றன. சில, காளானைப் போலக் காம்பு விட்டு நிற்கும்; சில, தட்டையாகச் சுவரோடு படிந்து கிடக்கும். பெரும்பாலானவை ஒன்றும் செய்வதில்லை. அடினோமா என்ற வகையில் ஒரு சிறு பகுதி மட்டும் மரபணு மாற்றங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு புற்றாக மாறுகிறது. இதற்குப் பொதுவாகப் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகிறது. இத்தனை நீண்ட அவகாசம் தரும் புற்றுநோய்கள் குறைவு. பாலிப்பாக இருக்கும்போதே கொலோனோஸ்கோப்பியில் வெட்டி எடுத்துவிட்டால் அந்த இடத்தில் புற்றுநோய் பெரும்பாலும் வருவதில்லை. முதல் நிலையில் பிடித்தால் பத்தில் ஒன்பது பேர் ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள். நான்காம் நிலையில், கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிய பிறகு, பத்தில் ஏறத்தாழ ஒருவர்தான்.

வளரும் பாலிப்பும் புற்றும் இடையிடையே ரத்தம் கசியும். கண்ணுக்குத் தெரியாத அளவு. அதைக் காட்டிக்கொடுத்தது ஒரு மரத்தின் பிசின். குவையாக் மரப் பிசினையும் பெராக்சைடையும் சேர்த்தால், ரத்தத்தின் ஹீம் மூலக்கூறு பட்ட இடம் நீலமாகும். டச்சு மருத்துவர் இசாக் வான் டீன் 1864-இலேயே இதைப் பயன்படுத்தினார். ஆனால் நூறாண்டுக் காலம் அது மருத்துவமனை ஆய்வகத்தை விட்டு வெளியே வரவில்லை. 1960-களில் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் மருத்துவம் பார்த்த டேவிட் கிரீகர்தான், பிசின் தடவிய அட்டைகளை நோயாளிகளின் கையில் கொடுத்து, இறைச்சியைத் தவிர்த்துவிட்டு, வீட்டிலேயே மூன்று நாட்கள் மாதிரி எடுத்துவரச் சொன்னார். எந்த அறிகுறியும் இல்லாதவர்களிடம் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. 1967-இல் அதை எழுதினார். மக்கள் திரளுக்கான முதல் பெருங்குடல் சோதனை, ஒரு மருத்துவர் தனக்குத் தெரிந்த நோயாளியின் கையில் அட்டையைக் கொடுத்துப் பேசிய அறையில் பிறந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிற்காலத் திட்டங்கள் அந்த அறையைத்தான் முதலில் கைவிட்டன.

பழைய குவையாக் அட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டியிருந்தது என்று பாருங்கள். மூன்று வெவ்வேறு முறை மலம் கழிக்கும்போது மாதிரி எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இரண்டு இடங்களிலிருந்து. அட்டைக் குச்சியால் எடுத்து ஆறு சிறு சன்னல்களில் தடவ வேண்டும். மூன்றும் முடியும்வரை அட்டையை வீட்டில் எங்காவது வைத்திருக்க வேண்டும். சில திட்டங்களில் மாட்டிறைச்சி கூடாது, வைட்டமின் சி மாத்திரை கூடாது என்ற கட்டுப்பாடுகள் வேறு. பிறகு உறையிலிட்டு ஒட்டித் தபாலில் சேர்க்க வேண்டும். நலமாக, வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிற ஒருவரிடம் இதையெல்லாம் கேட்கிறோம்.

இங்கிலாந்தில் 2006-இல் நாடு தழுவிய திட்டம் தொடங்கிய பிறகு, ஏன் அனுப்பவில்லை என்று மக்களிடமே கேட்ட ஆய்வுகள் வந்தன. 2014-இல் வெளியான ஒன்றில், முதலில் சோதனையைச் செய்யாதவர்களைக் குழுக்களாக உட்காரவைத்துப் பேசவிட்டார்கள். அவர்கள் சொன்னவற்றில் அறியாமை என்று ஒதுக்கித் தள்ளக்கூடியது மிகக் குறைவு.

மலத்தைக் கையாள்வதும் வீட்டில் எடுத்துவைப்பதும் சிறுவயது முதல் பழகிய தூய்மைக்கு எதிரானது, வெட்கமாக இருக்கிறது என்றார்கள். இது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது அடுத்தது. மருத்துவமனையிலோ மருத்துவரின் அறையிலோ அல்லாமல் வீட்டுக் கழிப்பறையில் செய்யச் சொல்வதாலேயே இது அவ்வளவு முக்கியமானதல்ல என்று பட்டதாம். முக்கியமான சோதனை என்றால் டாக்டர் அல்லவா கூப்பிட்டுச் செய்வார்? தபாலில் கடை விளம்பரங்களோடு சேர்ந்து வருகிற உறைக்கு எப்படிக் கனம் வரும்? வசதிக்காக வீட்டுக்கே அனுப்பிய ஏற்பாடு, அதே காரணத்தால் தன் மதிப்பை இழந்திருக்கிறது. திட்டமிடுவோர் கூச்சத்தைப் பற்றி நிறைய யோசித்தார்கள். இதை யோசித்ததாகத் தெரியவில்லை.

இன்னும் இரண்டு. நன்றாகத்தானே இருக்கிறேன், எனக்கெதற்கு என்ற எண்ணம். இருந்தால் தெரிந்து என்ன ஆகப்போகிறது, தெரியாமலே இருப்பது மேல் என்ற அச்சம். இரண்டாவதை நான் எளிதாகக் கடந்து போக மாட்டேன். புற்றுநோய் என்றாலே மரணம் என்று கண்முன் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அந்த அச்சம் அனுபவத்திலிருந்து வந்தது. முதல் நிலையில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள் என்ற செய்தி, அவர்கள் பார்த்த எந்தச் சாவோடும் ஒட்டவில்லை. துண்டறிக்கையில் அச்சிட்ட சதவீதம் அந்த அச்சத்தைத் தொடாது. யாராவது எதிரில் உட்கார்ந்து பேச வேண்டும். அதே ஆய்வு சொல்வதும் அதுதான்: முதலில் மறுத்துப் பிறகு சம்மதித்தவர்களை மாற்றியது பெரும்பாலும் குடும்பத்தாரோடும் நண்பர்களோடும் நடந்த பேச்சு.

மறுப்பு எல்லாத் தெருக்களிலும் ஒரே அளவில் இல்லை. இங்கிலாந்துத் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில், வசதி மிகுந்த பகுதிகளில் 61 சதவீதத்தினர் உறையைத் திருப்பி அனுப்பினார்கள். மிக ஏழ்மையான பகுதிகளில் 35 சதவீதத்தினர். சோதனை இலவசம், தபால் இலவசம். ஆனாலும் இடைவெளி இவ்வளவு. புதிய மருத்துவ வசதி எதுவும் முதலில் வசதியானவர்களிடமே போய்ச் சேர்கிறது என்ற பழைய உண்மை இங்கேயும் நின்றது. எவருக்கு வெளியே உதவி குறைவோ அவரே விடுபட்டுப் போகிறார் என்பதால், இது வெறும் புள்ளிவிவரமாக எனக்குப் படவில்லை. இது நீதி சார்ந்த கேள்வி.

இங்கிலாந்து ஒரு முடிவை எடுத்திருந்தது. நாட்டையே ஐந்து மையங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, அழைப்பும் சோதனைப் பெட்டியும் முடிவும் அங்கிருந்தே போகும்படி செய்தது. நிர்வாகத்துக்கு இது நல்ல ஏற்பாடு. யாரும் பட்டியலிலிருந்து விடுபடுவதில்லை. ஆனால் குடும்ப மருத்துவர் ஓரத்துக்குப் போய்விட்டார். அவருக்கு முடிவு வந்து சேரும், அவ்வளவுதான். நாட்டிங்காமில் அவருடைய வார்த்தையோடு போன அட்டை, இப்போது முகம் தெரியாத ஓர் அலுவலகத்திலிருந்து போனது.

அந்த வார்த்தையைத் திரும்பச் சேர்த்தால் என்ன ஆகும் என்று இருமுறை சோதித்தார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பெரிய பாடம். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட முதல் ஆய்வு சிறியது. 20 மருத்துவர் நிலையங்கள், 1,288 பேர். சிலருக்கு அவர்களுடைய குடும்ப மருத்துவரே கையெழுத்திட்ட தனிக் கடிதம் ஒன்று போனது. சிலருக்கு, மாதிரியை எப்படி எடுப்பது என்று தெளிவாக விளக்கும் துண்டறிக்கை போனது. கடிதம் பங்கேற்பை 6 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது, துண்டறிக்கையும் 6. இரண்டும் சேர்ந்து போன இடத்தில் ஏறத்தாழ 12.

இரண்டாவது ஆய்வு மிகப் பெரியது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் உளவியலாளர் ஜேன் வார்டல், ஏழை பணக்காரர் இடைவெளியைக் குறைப்பதற்கென்றே நான்கு வழிகளை வகுத்துச் சோதித்தார். 2016-இல் முடிவு வெளியானபோது அவர் உயிருடன் இல்லை. முந்தைய ஆண்டே அந்த வாழ்க்கை முடிந்திருந்தது. நான்கு வழிகளில் ஒன்று, மையம் அனுப்பும் வழக்கமான அழைப்பில், இன்ன மருத்துவர் நிலையம் இந்தத் திட்டத்தை ஆதரிக்கிறது என்ற ஒரு வரியைச் சேர்ப்பது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அனுப்பிப் பார்த்தார்கள். உயர்வு இருந்தது, ஆனால் ஒரு சதவீதப் புள்ளிக்கும் குறைவு. இடைவெளி அசையவில்லை. இடைவெளியைச் சற்றே குறைத்தது, பதில் அனுப்பாதவர்களுக்குப் போன இன்னும் தெளிவான நினைவூட்டல் கடிதம் மட்டுமே.

செலவே இல்லாத ஒரு வரிக்கு அரை சதவீதம் கிடைத்தாலும் நாடளவில் அது ஆயிரக்கணக்கானோர். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் கையெழுத்திட்ட கடிதத்துக்கும் அச்சிட்ட ஒரு வரிக்கும் இடையிலுள்ள தூரம் என் மனத்தில் தங்கிவிட்டது. மக்கள் மதிப்பது மருத்துவர் நிலையத்தின் பெயரை அல்ல. தன்னைத் தெரிந்த ஒருவர் தனக்காகச் சொல்கிறார் என்பதைத்தான்.

சோதனையை எளிதாக்கினால் என்ன ஆகும்? இதற்கான விடை 2014-இல் கிடைத்தது. குவையாக் அட்டைக்குப் பதிலாக ‘ஃபிட்’ என்ற புதிய சோதனையை இங்கிலாந்து முன்னோட்டம் பார்த்தது. இதில் மனித ரத்தத்தின் குளோபின் புரதத்தை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருள் இருக்கிறது. மாட்டிறைச்சியின் ரத்தத்தைக் கண்டு ஏமாறாது, எனவே பத்தியம் இல்லை. வயிற்றிலும் சிறுகுடலிலும் கசிந்த ரத்தத்தின் குளோபின் வழியிலேயே செரிமானமாகிவிடுவதால், பெருங்குடலின் கசிவையே பெரும்பாலும் காட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்று நாட்கள் இல்லை, ஆறு சன்னல்கள் இல்லை. ஒரே ஒரு முறை, மூடியோடு இணைந்த குச்சியால் தொட்டு, குப்பியில் செருகி மூடினால் முடிந்தது. பங்கேற்பு 59 சதவீதத்திலிருந்து 66 சதவீதத்துக்கு உயர்ந்தது. இதைவிடப் பெரிய செய்தி: முன்பு அழைத்தும் பதில் அனுப்பாதவர்களிடம் அது 12.5 சதவீதத்திலிருந்து 23.9 சதவீதமானது. ஏறத்தாழ இருமடங்கு. எந்த அறிவுரையும் இல்லாமல், குச்சியையும் குப்பியையும் மாற்றியதால் மட்டும் கிடைத்த சம்மதம் இது. ஸ்காட்லாந்து 2017-இலும் இங்கிலாந்து 2019-இலும் முழுமையாக இதற்கு மாறின. மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று பேசும் ஒவ்வொரு கூட்டத்திலும் இந்த எண்ணைச் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.

இனி அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போவோம். அங்கே அரசுப் பொது மருத்துவமனையைச் சேர்ந்த குடும்ப நல மருத்துவ மையத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஏழைகள், பல மொழிகள் பேசும் குடியேறிகள். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அவர்கள் ஃப்ளூ தடுப்பூசிக்கு வருவார்கள். ஊசி போடும் செவிலியரே, சோதனை தேவைப்படுகிறவரா என்று பார்த்து, மலப் பரிசோதனைப் பெட்டியையும் கையில் கொடுத்துச் செய்முறையைச் சொன்னால் என்ன என்று மைக்கேல் பாட்டரின் குழு முயன்றது. 2009-இல் வெளிவந்த முடிவு இது: ஊசி மட்டும் போட்டவர்களில் சோதனை முடித்தோர் 53-இலிருந்து 57 சதவீதமானார்கள். ஊசியோடு பெட்டியும் பெற்றவர்களில் 54.5-இலிருந்து 84.3 சதவீதமானார்கள்.

இந்த நூலில் வரும் ஆய்வுகளில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவற்றில் இது ஒன்று. புதிய கருவி எதுவும் இல்லை. மருத்துவரின் நேரம் ஒரு நிமிடம்கூடக் கூடுதலாகப் போகவில்லை. ஏற்கெனவே நம்பி வந்திருக்கிற இடத்தில், ஏற்கெனவே கை நீட்டியிருக்கிற நேரத்தில், தெரிந்த முகம் ஒன்று இதையும் செய்துவிடுங்கள் என்று சொன்னது. பெட்டிக்குக் கனம் வந்துவிட்டது.

அதே நகரத்தில் இன்னோர் ஆய்வு, எதைச் சொல்கிறோம் என்பதும் முக்கியம் என்று காட்டியது. ஜான் இனடோமியின் குழு 997 பேரை மூன்றாகப் பிரித்தது. ஒரு குழுவுக்கு மருத்துவர் கொலோனோஸ்கோப்பியைப் பரிந்துரைத்தார். இன்னொரு குழுவுக்கு மலப் பரிசோதனையை. மூன்றாம் குழுவிடம் இரண்டையும் விளக்கி, எது வேண்டும் என்று கேட்டார். ஓராண்டில் சோதனையை முடித்தவர்கள் முதல் குழுவில் 38 சதவீதம், இரண்டாவதில் 67, மூன்றாவதில் 69. கொலோனோஸ்கோப்பிதான் துல்லியமானது என்று நினைத்து அதை மட்டுமே சொல்லும் மருத்துவர், தன்னை அறியாமலே பல நோயாளிகளை எந்தச் சோதனையும் இல்லாமல் அனுப்பிவிடுகிறார். செய்துகொள்ளப்படும் எளிய சோதனை, செய்துகொள்ளப்படாத துல்லியமான சோதனையைவிட மேலானது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மலப் பரிசோதனையை ஆண்டுதோறும் செய்ய வேண்டும். முதலாண்டில் நோயாளிகளைக் கூப்பிட்டு, வழிகாட்டி, நினைவுபடுத்த ஆட்கள் இருந்தார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் அந்த உதவி இல்லை. மூன்று ஆண்டும் விடாமல் மலப் பரிசோதனை செய்தவர்கள் அந்த இரண்டாம் குழுவில் 14 சதவீதம்தான். நாட்டிங்காமின் 38 சதவீதத்தை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஒரு முறை சம்மதித்தவர் எப்போதும் சம்மதித்தவர் ஆகிவிடுவதில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

விடாமல் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு வடக்குக் கலிபோர்னியாவின் கைசர் பெர்மனென்டே மருத்துவ அமைப்பு சாட்சி. தன்னிடம் பதிவு செய்தவர்களுக்கு ஆண்டுதோறும் ‘ஃபிட்’ பெட்டியை அனுப்பினார்கள். அனுப்பாதவர்களுக்குக் கடிதம், தொலைபேசி. கண் பார்க்கவோ மூட்டு வலிக்கோ வந்தாலும், சோதனை பாக்கி என்று கணினித் திரையில் தெரியும், அங்கேயே கேட்பார்கள். 2000-இல் 39 சதவீதமாக இருந்த பங்கேற்பு 2015-இல் 83 சதவீதத்தைத் தொட்டது. பெருங்குடல் புற்றுநோய் இறப்பு லட்சத்துக்கு 30.9-இலிருந்து 14.7 ஆகக் குறைந்தது. பாதிக்கும் மேல்.

இனி நமக்கு நெருக்கமான செய்தி. பிரிட்டன் 2000-இல் முன்னோட்டம் நடத்திய பகுதிகளில் கவென்ட்ரியும் ஒன்று. தெற்காசிய மக்கள் கணிசமாக வாழும் நகரம். அங்கே மற்றவர்களில் பத்தில் ஆறு பேர் பங்கேற்றபோது, தெற்காசியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரே பங்கேற்றார். அவர்களே மார்பகப் புற்றுநோய்ச் சோதனைக்கு இதைவிட நன்றாக வந்துகொண்டிருந்தார்கள் என்பதால், மருத்துவத்தின் மீது நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட முடியாது.

கனடாவின் ஒன்டாரியோவில் ஏற்பாடு வேறு. 2008-இல் தொடங்கிய அங்குள்ள திட்டத்தில், 50 முதல் 74 வயதுள்ளவர்களுக்குப் பெட்டியை ஏற்பாடு செய்வது குடும்ப மருத்துவர். 2019 முதல் ‘ஃபிட்’. மருத்துவர் பதிவு செய்தால் பெட்டி வீட்டுக்கு வரும்; இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் ஒருவருக்கு இந்த நோய் வந்திருந்தால் நேரே கொலோனோஸ்கோப்பி. ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்த தமிழர்கள் திரளாக வாழும் ஸ்கார்பரோ இந்த மாகாணத்தில்தான் இருக்கிறது. எழுபது வயதுத் தகப்பனுக்குப் பெட்டி வருகிறது, கடிதம் ஆங்கிலத்தில். மகள்தான் வாசிக்க வேண்டும்.

“அப்பா, இதில மலம் கொஞ்சம் எடுத்து அனுப்பட்டாம்.”

“எனக்கு ஒரு வருத்தமும் இல்லைப் பிள்ளை. அதை அங்கால வை.”

(வருத்தம் என்றால் ஈழத் தமிழில் நோய்.) இப்படி ஒரு பேச்சு எத்தனை வீடுகளில் நடக்கக்கூடும் என்று ஊகிக்கச் சிரமமில்லை. மகளுக்கு அதற்கு மேல் பேசக் கூச்சம், தகப்பனுக்கும் கூச்சம். பெட்டி அலமாரியில் தங்கிவிடும். அவருடைய மொழி பேசும் மருத்துவரோ செவிலியரோ இதைச் சொன்னால் வேறு மாதிரி இருக்கும்: “ஐயா, உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லாதபடியாலதான் இதைச் செய்யச் சொல்லுறன். வருத்தம் வந்தாப் பிறகு இந்தப் பெட்டி காணாது. செய்து அனுப்புங்கோ, அடுத்த முறை வரேக்க நான் கேப்பன்.” இதைச் சொல்லி முடிக்க அரை நிமிடம் போதும். நன்றாயிருக்கிறேன் என்ற மறுப்புக்கு அதிலேயே பதில் இருக்கிறது, அடுத்த முறை கேட்பேன் என்ற கடைசி வரியில் தொடர்ச்சியும் இருக்கிறது.

மருத்துவர் சொல்வது வற்புறுத்தலாகிவிடக் கூடாது. இந்தச் சோதனைக்குக் குறைகளும் உண்டு, அவற்றையும் சொல்லத்தான் வேண்டும். ரத்தம் இருக்கிறது என்று வந்த பலருக்குப் புற்றுநோய் இருக்காது. மூலமோ சிறு பாலிப்போ இருக்கும், அதுவரை கவலை. ரத்தம் இல்லை என்று வந்தாலும் அந்த நாளில் கசியாத புற்று ஒன்று தப்பியிருக்கலாம். கொலோனோஸ்கோப்பியில் அரிதாகக் குடலில் துளை விழுவதும் ரத்தப்போக்கும் உண்டு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒருவர் வேண்டாம் என்றால் அது அவர் உரிமை; அந்த மறுப்பை மதிக்க வேண்டும். பேசப்படாமலே நேர்ந்த மறுப்புதான் என்னை வருத்துகிறது.

சம்மதம் தேவைப்படும் இன்னோர் இடமும் இருக்கிறது. மலத்தில் ரத்தம் என்று முடிவு வந்த பிறகு கொலோனோஸ்கோப்பிக்குப் போக வேண்டும். கொஞ்சம் பேர் அங்கே நின்றுவிடுகிறார்கள். மூலமாக இருக்கும், அடுத்த ஆண்டு இன்னொரு முறை மலத்தைச் சோதித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அது சரியல்ல. கைசர் அமைப்பில் இப்படி முடிவு வந்த 70,000 பேரைத் தொடர்ந்து பார்த்ததில், பத்து மாதங்களுக்கு மேல் தள்ளிப்போட்டவர்களிடம் புற்றுநோயும், முற்றிய நிலைப் புற்றுநோயும் கூடுதலாக இருந்தன. இரண்டாவது மலப் பரிசோதனை முதலாவதை ரத்து செய்யாது.

இந்தியாவில் இப்படி ஒரு திட்டம் இல்லை. தேசிய அளவில் முப்பது வயதைக் கடந்தவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களையே தேடுகிறோம். பெருங்குடல் புற்றுநோய் இங்கே மேற்கு நாடுகளைவிட மிகக் குறைவு என்பதால் அது புரிந்துகொள்ளக்கூடிய முடிவுதான். எல்லோருக்கும் பெட்டி அனுப்பு என்று நான் கேட்க மாட்டேன். இங்கே நம் சிக்கல் வேறு: ரத்தம் கண்ணுக்குத் தெரிந்த பிறகும் மூலம் என்று சொல்லி மாதக்கணக்கில் கைமருந்து பார்ப்பது.

லண்டனிலோ டொரன்டோவிலோ சிட்னியிலோ உங்களுக்கு 50 வயதைக் கடந்த அண்ணனோ அக்காவோ சித்தப்பாவோ இருந்தால், அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது, அந்தப் பெட்டி வந்ததா, செய்து அனுப்பினீர்களா என்று கேளுங்கள். குடும்பத்தில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால் அதை உங்கள் மருத்துவரிடம் சொல்லிவையுங்கள். எந்த ஊரில் இருந்தாலும், மலத்தில் ரத்தம் தெரிந்தால், மலம் கழிக்கும் பழக்கம் சில வாரங்களாக மாறியிருந்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், பெட்டிக்காகக் காத்திருக்காதீர்கள். நேரே மருத்துவரைப் போய்ப் பாருங்கள்.